மதியச் சோறும் சங்கத்தின் வேலைதான்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே கிளை அமைப்பாளர் ஆற்றிய உரை)



இந்த மாதக் கூட்டத்தின் பொருள் “வேலை நேரத்தில் நம் சாப்பாடு” என்று சுற்றறிக்கை போனதும் சில தோழர்கள் சிரித்தார்கள். போனஸ் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது, குடிசைப் பிரச்சினை இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டுச் சங்கம் சமையல் குறிப்பு சொல்லப் புறப்பட்டுவிட்டதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு. மதியச் சோறு என்பது கூலியைப் போல, வேலை நேரத்தைப் போல, ஒரு தொழிற்சங்கப் பிரச்சினை என்பதே நாம் சொல்ல வந்த சேதி.

முதலில் நம்முடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், மான்குர்துக்குப் பக்கத்திலும், கல்யாண், அம்பர்நாத் வரையிலும் நாம் பரவிக் கிடக்கிறோம். ஆறு மணி ஷிப்டுக்கு நாலரை மணிக்கே எழுந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வயிற்றில் இறங்குவது ஒரு டம்ளர் டீ. லோக்கல் ரயிலில் நசுங்கி இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் இன்னொரு டீ. பத்து மணிக்குப் பசி கண்ணை மறைக்கும்போது ஒரு வடாபாவ். மத்தியானம் வேலை குவிந்தால் இன்னும் ஒரு வடாபாவ், மறுபடியும் டீ. சாயங்காலம் ஒரு சமோசா. இரவு ஒன்பதரை மணிக்கு வீடு வந்து, பகலெல்லாம் பட்டினி கிடந்த வேகத்தில் ஒரு மலைச் சோறு. சாப்பிட்ட கை காயுமுன் தூக்கம். இதுதான் நம்மில் பாதிப் பேருடைய தினசரி அட்டவணை. இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், அவர் ஆறு மணி ஷிப்டுக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31.5 கோடி. ஒரு காலத்தில் பணக்காரர் வியாதி என்று இவற்றைச் சொன்னார்கள். இன்று அது மூட்டை தூக்குபவர் வீட்டிலும், கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஒரே குடிசையில் கணவனுக்குச் சர்க்கரை, மனைவிக்கு ரத்தமில்லை. இரண்டுக்கும் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இரண்டும் சந்திக்கும் இடம் தட்டுதான்.

நம் ரயில்வேக்காரருக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. என்ஜின் ஓட்டுபவர், ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன் போன்றவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கட்டுக்கு மீறினால் “அன்ஃபிட்” என்று எழுதி, வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். என்ஜினை விட்டு இறங்கினால் கிலோமீட்டர் அலவன்ஸ் போயிற்று. வீட்டு வாடகையும் பிள்ளையின் ஃபீஸும் அந்த அலவன்ஸில்தான் ஓடிக்கொண்டிருக்கும். காண்ட்ராக்ட் தோழருக்கு இந்த மாற்றுவேலையும் கிடையாது. உடம்பு முடியாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரே வார்த்தை. ஆகவே உடம்பு என்பது நமக்கு மூலதனம். முதலாளி தன் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதை மறப்பதில்லை. நாம் நம் இயந்திரத்துக்குச் சோறு போட மறக்கிறோம், அல்லது போடவிடாமல் தடுக்கப்படுகிறோம்.

தடுக்கப்படுகிறோம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். நல்ல சாப்பாட்டுக்கு மூன்று வேண்டும்: நேரம், இடம், காசு. டாக்டர் “வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், காய்கறி சேருங்கள்” என்று சீட்டில் எழுதித் தருகிறார். அந்தச் சீட்டில் இந்த மூன்றும் சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நேரம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்த அரை மணியை யாரும் தானமாகத் தரவில்லை. நமக்கு முந்திய தலைமுறை போராடிப் பெற்றது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச் சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பில், எட்டு மணி நேர வேலை என்று இருக்கிறது. ஆனால் இடைவேளை எவ்வளவு, எப்போது என்பதை அரசு அறிவிக்கையின் மூலம் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சட்டத்தில் இருந்த அரை மணி, அறிவிக்கைக்குப் போய்விட்டது. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டும். அறிவிக்கையை மாற்ற ஒரு கையெழுத்துப் போதும். இதற்குச் சில மாதங்கள் முன்னால், 2025 செப்டம்பரில், தொழிற்சாலைகளில் ஒரு நாளின் உச்ச வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 12 மணியாக உயர்த்த மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறவன் எத்தனை முறை சாப்பிட வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும்? இந்தக் கேள்வியைச் சங்கம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

ரயிலில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 1973-இல் என்ஜின் ஓட்டும் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், 1974 மே 8 அன்று தொடங்கிய அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போதும், வேலை நேரம் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. ஐம்பது ஆண்டு கழிந்தது. ரயில் ஓட்டுநர்களுக்குச் சாப்பிடவும் இயற்கை உபாதைக்கும் இடைவேளையை விதியாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒரு குழு சொன்னதை, 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆயிரம் பயணிகளை இழுத்துக்கொண்டு போகிறவர் ஒரு கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டே சிக்னலைப் பார்க்க வேண்டும். பெண் ஓட்டுநர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பயணிகளின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது என்பதைப் பொதுமக்களிடம் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிற தோழர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நேரம் என்பது உயிர்ப் பிரச்சினை. மருந்து உள்ளே போய்விட்டு, சோறு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும், மயக்கம் வரும். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும் தண்டவாளத்தில் நிற்பவருக்கும் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் சட்டைப்பையில் நாலு சர்க்கரைக் கட்டியோ குளுக்கோஸ் பொட்டலமோ வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் வேலை செய்பவருக்குத் தன் நோயைச் சொல்லியும் வைக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது இடம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பு, காண்ட்ராக்ட் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் வேண்டும் என்கிறது. 50 பேருக்கு மேல் இருக்கும் தொழிற்சாலையில் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் வேண்டும் என்கிறது. தொகுப்பில் நமக்கு எதிரானதை எதிர்க்கிறோம். நமக்குச் சாதகமாக இருக்கும் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு உரிமையைக் கேட்கவும் வேண்டும். “காண்ட்ராக்ட் தொழிலாளரையும் சேர்த்து” என்ற சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) கேன்டீன் இருக்கிறது, பளபளவென்று மேசை இருக்கிறது. ஆனால் காண்ட்ராக்ட் ஆட்கள் உள்ளே வரக்கூடாது. அவர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் குந்தி, டப்பாவைத் தரையில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே, மழைக் காலத்தில் சாரலில். ஒரே வேலை, ஒரே வியர்வை, உட்காரும் இடம் மட்டும் இரண்டு. நம்மை ஊரில் எந்தெந்தப் பந்தியில் பிரித்து உட்கார வைத்தார்கள் என்பதை மறந்துவிட்டா இங்கே வந்தோம்?

கேன்டீனில் சமைப்பவரும் தொழிலாளியே என்பதையும் மறக்கலாகாது. ரயில்வே கேன்டீன் ஊழியர்கள் ரயில்வே ஊழியரே என்று எம்.எம்.ஆர். கான் வழக்கில் 1990-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. சமைப்பவருக்கு வயிறார ஊதியம் இல்லாத இடத்தில் சாப்பிடுபவருக்கு நல்ல சோறு கிடைக்காது.

இடம் என்று சொல்லும்போது தண்ணீரையும் கழிப்பறையையும் சேர்த்தே சொல்கிறோம். கடையில், கட்டட வேலையில், வீட்டு வேலையில் இருக்கும் நம் சகோதரிகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக இடமில்லை. அதனால் நீர்க்கடுப்பு, தொற்று, கல்லடைப்பு. மும்பையில் பெண்களுக்கு இலவசக் கழிப்பறை கேட்டு 2011-இல் தொடங்கிய இயக்கத்தை நாம் அறிவோம். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் வந்தது. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. நாற்காலிக்குப் போராட்டமா என்று அன்றும் சிலர் சிரித்தார்கள்!

மூன்றாவது காசு. வடாபாவை நாம் திட்டுவதற்கில்லை. 1960-களில் தாதர் ஸ்டேஷன் வாசலில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பண்டம், ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டிய மில் தொழிலாளியின் அவசரத்துக்கு வந்த பதில். ஆனால் அதில் இருப்பது என்ன? மைதா ரொட்டி, உள்ளே உருளைக்கிழங்கு, சுற்றிலும் கொஞ்சம் கடலைமாவு, கொதித்துக் கொதித்துக் கறுத்த எண்ணெய். மாவுக்குள் மாவு. ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். ஒரு தடவை காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. பத்திரிகைத் தாளில் உணவைச் சுற்றித் தரக்கூடாது என்றும் விதி உண்டு; அச்சு மையில் உள்ள நச்சு எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகிறது. நம் சங்கப் பத்திரிகையையும் படித்தால் போதும், வடையை அதில் சுற்ற வேண்டாம்!

தள்ளுவண்டிக்காரர் நம் எதிரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்களில் பலர் நம்மவர்கள். விடிவதற்கு முன்னே எழுந்து மாவு ஊற்றி, தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு நகரமெங்கும் போகிற தோழர்கள்தான் இந்த நகரத்துக்கு எண்ணெயில்லாத காலைப் பலகாரத்தைக் கொண்டுவந்தவர்கள். அரிசியும் உளுந்தும் சேர்ந்து, புளித்து, ஆவியில் வெந்த இட்லி எந்த டாக்டரும் ஆட்சேபிக்காத பண்டம். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடமும் உரிமமும் வேண்டும். ஒரு நாள் ஒரு துறை வந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் மறுநாள் வியாபாரி எண்ணெயிலும் பருப்பிலும்தான் சிக்கனம் பிடிப்பார். நல்ல எண்ணெய் வேண்டும் என்று கேட்கும் நாம், அவர் நிம்மதியாக நின்று விற்கும் இடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, உரிமை வரும்வரை வயிறு காத்திருக்காது. இன்றைக்கே நம் கையில் இருப்பது என்ன?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் உணவு வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரிக் கணக்கில் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கொட்டை வகைகள் 35 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று அது சொல்கிறது. மூட்டை தூக்குகிறவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள்: தட்டில் பாதி காயும் பழமும். நம் டப்பாவைத் திறந்தால் முக்கால் பங்கு சோறு, மீதியில் குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். சோறு தப்பில்லை, அது தனியாக வருவதுதான் தப்பு.

ஆகவே சில எளிய வழிகள். டப்பாவின் ஓர் அடுக்கைக் காய்க்கென்றே ஒதுக்குங்கள். கீரை, முருங்கை, அவரை, கொத்தவரை, பூசணி, அன்று மார்க்கெட்டில் எது மலிவோ அது போதும். பருப்பைத் தண்ணீராக்காமல் கூட்டில் போடுங்கள். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு சுண்டலுக்குப் பெரிய செலவில்லை. இங்குள்ள மராத்தித் தோழர்கள் சாப்பிடும் சோள பாக்ரியும் கடலைமாவு ஜுணகாவும் நம் கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக்கும் உடன்பிறந்தவை, கூச்சப்படாமல் கற்றுக்கொள்ளலாம். பம்பாயின் புழுக்கத்தில் காலை ஐந்து மணிக்குச் சூட்டோடு மூடிய தேங்காய்ச் சாதம் மத்தியானம் நூல் விடும். ஆறவிட்டுக் கட்டுங்கள், கோடையில் தேங்காய்க்குப் பதில் புளியோ எலுமிச்சையோ சேருங்கள்.

டப்பா கொண்டுவர முடியாத நாளில், இரண்டு வடாபாவும் டீயும் வாங்கும் காசுக்கு இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி சிங்-சனாவும் ஏறக்குறைய வந்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி வறுத்த கடலையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சைவத் தோழர் முட்டைக்குப் பதில் மோரும் சுண்டலும் வைத்துக்கொள்ளலாம்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டிங்கில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், நாளுக்கு ஐந்து கட்டிங்கில் 40 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடுங்கள் என்று நாம் சொன்னால் சங்கத்தில் உறுப்பினரே இருக்க மாட்டார்கள்! சர்க்கரையைப் பாதியாக்கச் சொல்லுங்கள், ஐந்தை மூன்றாக்குங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னும் பின்னும் டீ வேண்டாம். சோற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அது தடுக்கிறது. ரத்தசோகை உள்ள தாய்மார்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஒட்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாப் பதார்த்தமும் சேர்ந்து ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் அந்த ஸ்பூனை மத்தியானத்துக்குள்ளேயே காலி செய்துவிடும். இரவு ஷிப்டுக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போகட்டும். நடுநிசியில் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைவு என்பதால் அப்போது கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் ஒரு கேள்வியைக் கண்ணாலேயே கேட்கிறார்கள்: இந்தச் சுண்டலை ஊறவைப்பது யார், காயை நறுக்குவது யார்? காலை நாலு மணிக்கு எழுந்து நாலு டப்பா கட்டிவிட்டு, கடைசியில் தனக்கு மிஞ்சியதை நின்றுகொண்டே தின்றுவிட்டு, ஆறரை மணிக்கு வேலைக்கு ஓடுவது அவர்கள். 57 சதவிகிதம் என்ற எண்ணில் அவர்கள் இருக்கிறார்கள். சமத்துவத்தை மேடையில் பேசும் தோழர்கள், ராத்திரி காய் நறுக்கி வைக்கும் வேலையை இன்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் டப்பா நாலு என்றால், ஐந்தாவது டப்பா அம்மாவுக்கும் உண்டு என்பது வீட்டுச் சட்டமாக வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு வழி உண்டு. அது இந்த நகரத்தின் தொழிலாளர் வரலாற்றிலேயே இருக்கிறது. மில் வட்டாரமான கிரண்காவில் ஊர்விட்டு ஊர் வந்த ஆண்களுக்குச் சோறு போட்டவை கானாவல் என்ற வீட்டுச் சாப்பாட்டு மெஸ்கள். அவற்றை நடத்திய பெண்கள் வட்டிக்காரரிடம் சிக்கிக் கிடந்தார்கள். 1975-இல் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த பிரேமா புரவ் அவர்களைத் திரட்டி, வங்கிக் கடன் வாங்கித் தந்து, அன்னபூர்ணா மகிளா மண்டலை அமைத்தார். 1982 ஜனவரி 18 அன்று இரண்டரை லட்சம் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கி மில்கள் நின்றபோது, அந்த மெஸ் அடுப்புகளுக்கும் பெரிய அடி விழுந்தது. தொழிலாளியின் கூலியும் அவனுக்குச் சோறு போடும் பெண்ணின் அடுப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவும், 2022-இல் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது: ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். 2017-இல் பெங்களூரில் இந்திரா கேன்டீன். மகாராஷ்டிரத்தில் 1995-இல் ஒரு ரூபாய் ஜுணகா பாக்ரி வந்தது, நிலைக்கவில்லை; 2020 ஜனவரி 26 அன்று பத்து ரூபாய் சிவ்போஜன் சாப்பாடு வந்தது. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள மக்கள் அமைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்த நமக்கென்று ஒரு தனிக் குறையும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டை வைத்து எந்த மாநிலத்திலும் தானியம் வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டை எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2021-இல் உச்சநீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆனால் அதில் கிடைப்பது அரிசியும் கோதுமையும் மட்டும். தமிழ்நாட்டில் இருந்தால் கார்டுக்குச் சலுகை விலையில் துவரம்பருப்பும் சமையல் எண்ணெயும் உண்டு. எல்லை தாண்டியதும் அரிசி நம்மோடு வருகிறது, பருப்பு ஊரிலேயே நின்றுவிடுகிறது. டப்பாவில் சோறு நிறைந்து பருப்பு நீர்த்துப்போன கதைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தோழர்களே, செயற்குழு ஐந்து தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று: ஒவ்வொரு வேலையிடத்திலும் அரை மணிச் சாப்பாட்டு நேரம் உண்மையில் கிடைக்கிறதா என்று கிளைகள் ஒரு மாதம் கணக்கெடுக்க வேண்டும், அந்தப் பட்டியலோடு, இடைவேளையை அறிவிக்கையில் தெளிவாக எழுதச் சொல்லித் தொழிலாளர் துறைக்கு மனு. இரண்டு: 100 பேர் உள்ள இடமெல்லாம் கேன்டீன், அதில் காண்ட்ராக்ட் தோழருக்குச் சம இடம், நிர்வாகக் குழுவில் நம் பிரதிநிதி. மூன்று: குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும். நான்கு: ரேஷனில் பருப்பும் எண்ணெயும் கேட்டு மராத்தித் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து இயக்கம், இது தமிழனுக்கு மட்டுமான கோரிக்கையல்ல. ஐந்து: மாதம் ஒரு ஞாயிறு சங்க அறையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு, சோதனையாகப் பத்துப் பதினைந்து டப்பாவோடு ஒரு கூட்டு மெஸ். அதில் சமைக்கும் சகோதரிகளுக்கு முறையான கூலி.

முதல் நான்கும் நாளைக்கே நிறைவேறிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஐந்தாவது, நாம் மனம் வைத்தால் அடுத்த மாதமே நடக்கும். மெஸ்ஸில் சேர விரும்புவோர் பெயர் எழுத, வாசலில் பொருளாளர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பெயரை எழுதும்போது எந்த ஷிப்ட், என்ன நேரம், சர்க்கரை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள். உழைக்கிற கைக்கு வேளைக்குச் சோறு வேண்டும். அதைக் கேட்கிற வாய்க்குச் சங்கம் துணை நிற்கும்.